உச்சிக்கிளைப் பங்கு

காட்டோரத்துக் கல்லாங்குத்து நிலத்தில் ஒரு கரடி மாதுளைத் தோப்பு வைத்திருந்தது. யாரும் தூக்கிக் கொடுத்த நிலமில்லை. பாறையைப் பெயர்த்து, ஓடைத் தண்ணீருக்கு வாய்க்கால் வெட்டி, நகம் தேய உண்டாக்கிய தோப்பு. மழைக்காலம் முழுக்க அதன் இரண்டு குட்டிகளுக்கும் அதுதான் சாப்பாடு.

பழுக்கிற நாளில் மைனாக்கள் வந்து உச்சிக்கிளைப் பழங்களைக் கொத்தும். கரடிக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு வருஷம், பூ விடும்போதே காட்டுக் கொடிகளைப் பின்னித் தோப்பையே வலையால் மூடிவிட்டது. மூத்த மைனா வந்து, வலையை எடு, எங்களுக்கு உள்ளே வேலை இருக்கிறது என்றது. திருடனுக்கு என்ன வேலை என்று கரடி விரட்டியடித்தது.

வலைக்குள் மைனா நுழைய முடியவில்லை. பட்டாம்பூச்சி நுழைந்தது. பூவிலும் பிஞ்சிலும் முட்டை வைத்தது. காய் சிவந்ததும் கரடி பெருமையாக முதல் பழத்தைப் பிளந்து குட்டிகளிடம் நீட்டியது. உள்ளே புழு நெளிந்தது. அடுத்த பழமும் அப்படித்தான். அதற்கடுத்ததும்.

கரடி மைனாவைத் தேடிப் போனது. போன இடத்திலும் பேரம்தான். வந்து புழுவைத் தின்னலாம், நல்ல பழத்தைத் தொடக்கூடாது, வேண்டுமானால் சொத்தைப் பழத்தை எடுத்துக்கொள்ளலாம் என்றது.

மைனா சிறகைச் சிலுப்பியது. "சொத்தையை உன் வீட்டு விருந்துக்கு வை, கரடியண்ணே. காய்க்குள்ள போன புழுவை நாங்க எடுக்க முடியாது. அடுத்த பூப்புக்கு வர்றோம். விடிஞ்சதிலேர்ந்து பொழுது சாயற வரைக்கும் புழு பொறுக்குவோம். உச்சிக்கிளை எங்க பங்கு. வலையை நீயே அறுக்கணும்."

"பாதி உச்சி?"

"முழு உச்சி. இன்னொரு தடவை கேட்டா பக்கத்துக் கிளையும் சேரும்!"

கரடி முணுமுணுத்துக்கொண்டே போய் வலையைப் பல்லால் கடித்து அறுத்தது.

அந்த மழைக்காலத்தைக் குட்டிகள் காட்டுக்கிழங்கு தின்று அரை வயிற்றோடு கழித்தன. அடுத்த பூப்பில் மைனாக்கள் சொன்னபடி வந்தன. இலை இலையாகத் துழாவின. தோப்பு சிவந்தது. குட்டிகள் முகமெல்லாம் சாறு வழியத் தின்றன.

வழியோடு போன யானை நின்று பார்த்தது. உச்சியில் பழங்கள் அப்படியே இருந்தன. "எட்டலையா, கரடியாரே? நான் பறிச்சுத் தரவா?"

கரடி நெஞ்சை நிமிர்த்தியது.

"தும்பிக்கையை மடக்கு. அது என் கூட்டாளி உழைச்சுச் சம்பாதிச்சது."

உழைக்கிறவன் பங்கைத் திருட்டு என்று சொல்லி மறித்தால், நம் பங்கும் சேர்ந்தே அழியும்.