பதினொரு நாள் காய்ச்சல்

“காய்ச்சல்னு எழுதிக் கொடுத்திருக்கேன். எல்லாரும் எழுதுறதுதானே? எனக்கு மட்டும் ஏன் மேடம் கையெழுத்துப் போட மாட்டேங்கிறீங்க?”

கேட்டவர் குருவம்மாள். வயது முப்பத்தெட்டு. வரலாற்றில் முதுகலை படித்துவந்தார்.

கேட்கப்பட்டவர் ஜெனோவா. அப்பல்கலைக்கழகத்தில் இரண்டாம் மொழியாக ஆங்கிலம் கற்பிப்பவர். மாணவியைவிட ஒன்பது வயது இளையவர்.

ஆங்கிலத்தில் தேறாதவருக்குப் பட்டம் இல்லை. வகுப்புக்கு வந்த நாள் குறைந்தவருக்குத் தேர்வு இல்லை. குருவம்மாளுக்குப் பதினொரு நாள் குறைந்திருந்தது. விடுப்புக் கடிதத்தில் ஆசிரியையின் கையெழுத்தைப் பெற்று, மாலை நான்கு மணிக்குள் அலுவலகத்தில் சேர்த்தால் தேர்வெழுதலாம். இல்லையேல் ஓராண்டு வீண்.

ஜெனோவா மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தெர்மாமீட்டரை எடுத்தார்.

“வாயைத் திறங்க, அக்கா.”

இவ்விடத்தில் கதை சொல்வோர் வேறுபடுகின்றனர். நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார் என்பது மாணவியர் விடுதியில் வழங்கும் வடிவம். தெர்மாமீட்டர் என்பது அலுவலகத்தில் வழங்குவது. அது காட்டிய அளவையும் சேர்த்தே சொல்வதால் பின்னதைக் கொள்ளலாம்.

தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு.

“காய்ச்சல் இல்லையே.”

“இன்னிக்கு எப்படி இருக்கும்? அது போன மாசம்.”

“போன மாசம் இருந்துச்சா?”

குருவம்மாள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஜெனோவா கோப்பு ஒன்றை அவர் முன் விரித்தார். அவ்வாண்டு வந்த விடுப்புக் கடிதங்கள், நாற்பத்து மூன்று. அத்தனையிலும் ஒரே ஆங்கில வாக்கியம்: காய்ச்சலால் அவதிப்படுவதால் விடுப்பு அளிக்க வேண்டுகிறேன். பள்ளியில் மனப்பாடம் செய்த வாக்கியம் அது. அக்காள் கல்யாணத்துக்குப் போனவருக்கும் காய்ச்சல். தகப்பனைப் புதைத்துவிட்டு வந்தவருக்கும் காய்ச்சல்.

“சிரிக்கிறீங்களா மேடம்?”

“இல்ல.”

“நல்லாச் சிரிங்க. பதினஞ்சு வருஷம் இங்கிலீஷ் படிச்சோம். எங்களுக்கு வந்தது இந்தக் காய்ச்சல் ஒண்ணுதான். யார் தப்பு? நடந்ததைத் தமிழ்ல எழுதித் தரவான்னு ஆபீஸ்ல கேட்டேன். இங்கிலீஷ்லதான் வேணும்னாரு கிளார்க். எனக்கு வராது சார்னேன். ‘காய்ச்சல்னு எழுதுங்கம்மா, எதுக்கு வம்பு’ன்னாரு. எழுதினேன். இப்ப நீங்க வாயில குச்சிய வைக்கிறீங்க!”

“என்ன நடந்துச்சு?”

“அது எதுக்கு உங்களுக்கு?”

ஜெனோவா காத்திருந்தார்.

“எங்க வீட்டுக்காரர் கை மிஷின்ல போயிருச்சு.”

கணவர் காளிராஜ், தனியார் நூற்பாலை ஒன்றின் தொழிலாளி. ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தில் பஞ்சு அடைத்துக்கொண்டது. நிறுத்தாமலேயே எடுக்கும்படி மேற்பார்வையாளர் சொன்னார். வலக்கையில் மூன்று விரல்கள் போயின.

“ஆஸ்பத்திரிக்கு மேனேஜர் வந்தாரு. ஒரு பை ஆரஞ்சு. ஒரு பேப்பர். பூராவும் இங்கிலீஷ். ‘சும்மா ஒரு ஃபார்மாலிட்டி, கையெழுத்துப் போடுங்க’ன்னாரு. இவரு இடது கையில பேனாவை வாங்கிட்டாரு. நான் பிடுங்கிட்டேன்.”

“ஏன்?”

“வாசிச்சுப் பாக்கணும்ல? எழுத்துக்கூட்டித்தான் வாசிச்சேன். ஒரு வரிக்குக் கால் மணி நேரம். மேனேஜர் வாட்சைப் பாக்காரு, என்னைப் பாக்காரு. ‘உனக்குப் புரியாதும்மா’ங்காரு. அதுல என்ன எழுதியிருந்துச்சு தெரியுமா?”

“சொல்லுங்க.”

“வீட்டுல வழுக்கி விழுந்துட்டாராம். பாத்ரூம்ல! எங்க வீட்டுல பாத்ரூமே கிடையாது மேடம்!”

அறையின் மறுகோடியில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த ஆசிரியர் தலை நிமிர்ந்தார். குரல் அவ்வளவு உயர்ந்திருந்தது.

“நீங்க என்ன சொன்னீங்க?”

“‘நோ. நாட் ஹவுஸ். மில்.’ அம்புட்டுத்தான் வந்துச்சு. அதையே மூணு தடவை சொன்னேன்.”

“அவர்?”

“எல்லாரும் இப்படித்தாம்மா எழுதிக் குடுக்காங்க, நீ ஏன் கிடந்து குதிக்கன்னாரு.”

“குதிச்சீங்களா?”

“பதினொரு நாள் குதிச்சேன். ஆஸ்பத்திரி, மில் வாசல், ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் ஆபீஸ். ஒரு இடத்துல உக்காரக்கூட சொல்லல. மிஷின்லதான் கை போச்சுன்னு எழுத வச்சுட்டுத்தான் வந்தேன்.”

“அந்தப் பழைய பேப்பர்?”

“அதுலயா? செத்தாலும் அதுல எங்க கையெழுத்து விழாதுன்னு சொல்லிட்டேன். நடக்காததுக்கு நாங்க ஏன் மேடம் கையெழுத்துப் போடணும்?”

ஜெனோவா விடுப்புக் கடிதத்தை எடுத்தார். குருவம்மாள் பக்கமாகத் திருப்பி வைத்தார். அடியில், நீல மையில் இருந்த கையெழுத்தின் கீழே விரலை வைத்தார்.

“இது யாரோடது, அக்கா?”

குருவம்மாள் அழுதார் என்று விடுதியில் சொல்வர். முகம் கறுத்து எழுந்துவிட்டார் என்று அலுவலகத்தில் சொல்வர். அடுத்து நடந்த பேச்சில் மட்டும் எவரும் வேறுபடுவதில்லை.

“உள்ளதை எழுதினா ஆபீஸ்ல ஏத்துக்கிடுவாங்களா?”

“தெரியாது.”

“நீங்க கையெழுத்துப் போடுவீங்க.”

“போடுவேன்.”

“அப்பவும் பரீட்சை கைவிட்டுப் போகலாம்.”

“போகலாம்.”

“இங்கிலீஷ் தப்புத் தப்பாத்தான் வரும்.”

“வரும்.”

சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்றேகால். குருவம்மாள் நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“ஒரு வெள்ளைத்தாள் கொடுங்க.”