நரி போட்ட மதிப்பு

ஆறு கடலில் கலக்கும் இடத்தில் ஒரு சுரபுன்னைக் காடு இருந்தது. அதன் நடுவே ஒரு திட்டு. அங்கே தரையிலேயே கூழைக்கடாப் பறவைகள் கூடு கட்டி முட்டையிட்டிருந்தன. அவற்றின் தலைவர் பெருந்தாடி.

ஒருநாள் வல்லன் என்ற நரி கரைக்கு வந்தது. பெருந்தாடியை அழைத்தது.

"தலைவரே, நானே இந்தக் காட்டுக்கு மதிப்புப் போட்டுப் பார்த்துவிட்டேன். வெறும் விறகு! வெட்டிவிட்டுக் குளம் தோண்டுவோம். அதற்கு மண் கரையும் போடுவோம். மீன் உங்கள் வாயருகிலேயே வளரும்!"

பெருந்தாடிக்கு நாக்கில் நீர் ஊறியது. "நல்ல யோசனைதான்!"

சேற்று வளையில் இருந்த கொடுக்காயி என்ற நண்டுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. சேற்றைக் கண்டாலே முகம் சுளிக்கிறவனுக்கு நம்மேல் ஏன் இத்தனை அக்கறை? நரி போகும் இடமெல்லாம் அவளும் ஓரமாக நகர்ந்தாள். நீர் வற்றிய நேரத்தில்தான் அது வந்தது. மரங்களைப் பார்ப்பதுபோல் நடித்தது. கண்ணோ கூடுகள் மேலேயே இருந்தது!

அவள் பெருந்தாடியிடம் போனாள்.

"ஐயா, நீர் ஏறும்போது வேர்களுக்குள் ஒருமுறை எட்டிப் பாருங்கள். அப்புறம் முடிவு சொல்லுங்கள்."

"நண்டு பேச்சைக் கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள்!" என்று நரி சீறியது.

இவன் ஏன் பதறுகிறான்? பெருந்தாடிக்கும் உறுத்தியது.

நீர் ஏறியதும் அவர் பறந்துபோய்ப் பார்த்தார். வேர் இடுக்கெல்லாம் மீன் குஞ்சுகள், இறால் குஞ்சுகள்! கடலில் அவர் பிடித்துத் தின்ற மீன்களெல்லாம் இங்கேதான் வளர்ந்திருக்கின்றன. வெளியே சீறி வந்த அலையும் காட்டுக்குள் நுழைந்ததும் அடங்கி, கூடுகளைத் தொடாமல் திரும்பியது.

கரைக்கு வந்து கேட்டார்: "வல்லா, இதெல்லாம் உன் மதிப்பில் சேர்ந்ததா?"

"அது... கண்ணில் படவில்லை, தலைவரே."

"சரி, நீ போடும் கரை எங்கே போய் முடியும்?" என்றாள் கொடுக்காயி.

அவளே ஈர மணலில் கொடுக்கால் ஒரு கோடு இழுத்தாள். அது நேராகத் திட்டில் போய் நின்றது.

"கால் நனையாமல் முட்டைகளிடம் போக ஒரு பாதை! அதற்குத்தானே இத்தனை பேச்சு?"

பெருந்தாடி இறக்கையை விரித்து அலகால் கொத்த வந்தார். நரி வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடியது. காடு அப்படியே நின்றது.

ஓர் இடத்துக்கு மதிப்புப் போட ஒருவன் வந்தால், அவன் எதைக் கணக்கில் விட்டான், ஏன் விட்டான் என்று முதலில் கேட்க வேண்டும்.