ராஜா சாப்பிட்ட தேர்தல்

வெகு காலத்துக்கு முன்னே மருதவேலி என்றொரு தேசம். அதைக் கொற்றவேலர் என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனசுக்காரர், ஆனால் நினைத்தால் நினைத்ததுதான். பூனைகள் கத்தித் தூக்கம் கெடுகிறது என்று பூனைக்கு மீசை வரி போட்டவர். அவருக்குப் பிள்ளை இல்லை. பிள்ளையில்லாத வீட்டிலேயே சொத்துக்கு அடித்துக்கொள்வார்கள், தேசமென்றால் கேட்க வேண்டுமா? ஒருநாள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது ராஜாவுக்கும் அந்தக் கவலை வந்தது.

"எனக்குப் பிறகு ஆளப்போகிறவரை ஜனங்களே தேர்ந்தெடுக்கட்டும்!" என்று பறை அறைவித்துவிட்டார்.

அம்மன் கொடைத் திருவிழாவுக்கு ஒவ்வொரு வீடும் தன் மண்ணில் கிடைப்பதில் ஒரு பிடி கொண்டுவந்து போடுவது அங்கே வழக்கம். வாக்கும் அப்படித்தான் என்றார் ராஜா. ஆற்றுநாட்டார் அரிசி, கடல்நாட்டார் உப்பு, கரிசல்நாட்டார் துவரம்பருப்பு, மலைநாட்டார் மிளகோ புளியோ கொண்டுவந்து, பிடித்தவரின் பானையில் போட வேண்டும்.

ஆற்றுநாட்டுக்குத் தாண்டவராயர் நின்றார். ராஜா பக்கத்தில் வேறு யார் உட்கார்ந்தாலும் அவருக்கு வயிறு எரியும். கடல்நாட்டுக்குச் சங்குமணி, கரிசலுக்குச் சொக்கநாச்சி, மலைக்குப் பூவாண்டி.

பூவாண்டிக்குப் பதவி ஆசை இல்லை. மழை வந்தால் காட்டாறு மலையைத் துண்டித்துவிடும். முன்பொரு மழையில் பிரசவ வலியோடு அவன் மனைவியைத் தூளியில் தூக்கி வந்தார்கள். வெள்ளம் வடியவில்லை, இக்கரையில் இருந்த மருத்துவச்சி கண்ணுக்குத் தெரிந்தும் சேர முடியவில்லை. தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள். அங்கே ஒரு பாலம் வர வேண்டும். அதற்காகத்தான் நின்றான்.

தாண்டவராயரிடமே போய்க் கேட்டான். "ஐயா, பாலம் கட்டித் தருவேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் விலகிக்கிறேன்."

"மலையில மொத்தமே கையளவு வீடு. உங்க மிளகு வந்தாலும் ஒண்ணுதான், வராட்டியும் ஒண்ணுதான், போப்பா!"

பூவாண்டி கண்கலங்கி மந்திரி சேந்தனாரிடம் வந்தான். மந்திரி அவனுக்கு மோர் கொடுத்தார். "சங்குமணியும் சொக்கநாச்சியும் ராயருக்காக விலகிவிட்டார்களாமே. என்ன கொடுத்து விலக்கினார் என்று பார்ப்போம்" என்றார்.

இரவோடு இரவாக விசாரித்துவிட்டு, மறுநாள் சபையில் மந்திரி சங்குமணியைப் பார்த்துக் கும்பிட்டார். "வருங்காலக் கருவூல அதிகாரிக்கு வணக்கம்!"

சங்குமணி நெளிந்து சிரிப்பதற்குள் சொக்கநாச்சி எழுந்துவிட்டாள். "என்னது? கருவூலம் எனக்குன்னுல்ல ராயர் சத்தியம் பண்ணினாரு!"

"எனக்கும் பண்ணினாரே, அக்கா!"

தாண்டவராயர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "ஆளுக்குப் பாதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கூட்டு இல்லாவிட்டால் என்ன? ஆற்றுநாட்டு அரிசியே என் பானையை நிரப்பும்."

இருவரும் அங்கிருந்து நேரே பூவாண்டியிடம் போனார்கள். "நீ என்னப்பா தருவே?" என்றாள் சொக்கநாச்சி.

"பதவியெல்லாம் எங்கிட்ட இல்ல தாயி. உங்க மண்ணுக்கு என்ன வேணும், சொல்லுங்க."

அவள் மழைநீரைத் தேக்க ஒரு கண்மாய் கேட்டாள். சங்குமணி, புயலுக்கு ஒதுங்க ஒரு மேட்டுக் கட்டடம் கேட்டான். மூவரும் சேர்ந்துகொண்டார்கள்.

வாக்கு நாள் வந்தது. ராயரின் பானையில் அரிசி குவிந்து வழிந்தது. பூவாண்டியின் பானை கழுத்துக்குக் கீழேதான் நின்றது. உப்பு, பருப்பு, மிளகு, புளி, கொஞ்சம் அரிசி. அந்த அரிசி, கூலிக்கு இறங்கி வரும் மலைப்பெண்களோடு சேர்ந்து நாற்று நட்ட ஆற்றுநாட்டுப் பெண்கள் போட்டது.

"இனி என்ன பேச்சு?" என்று மார்தட்டினார் ராயர்.

"பேச்சு வேண்டாம், சாப்பாட்டு நேரமாயிற்று" என்றார் சேந்தனார். "அரசே, அவரவர் பானையில் விழுந்ததை வைத்து அவரவர் உங்களுக்கு இலை போடட்டும். ஆளத் தெரியுமா என்பது அதில் தெரிந்துவிடும்."

ராஜாவுக்கு நல்ல பசி. உடனே சம்மதித்தார்.

ராயரின் சோறு மலைபோல் வந்தது. ராஜா ஒரு வாய் வைத்தார். "உப்பு எங்கேய்யா?"

"கடல்நாட்டார் போடவில்லை, அரசே."

"குழம்பு?"

"கரிசலார் போடவில்லை..."

"ரசமாவது?"

ராயர் விட்டத்தைப் பார்த்தார்.

அடுத்து பூவாண்டியின் இலை வந்தது. அளவான சோறு, பருப்பு, மிளகு ரசம். ராஜா இலையை வழித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"அரிசி எனக்குத்தானே அதிகம்! இது நியாயமா?" என்று கத்தினார் ராயர்.

"ஆற்றுநாட்டார் அதிகம்தான். அவர்கள் இல்லாமல் சோறே இல்லை" என்றார் சேந்தனார். "அதனால் புதிய சபையில் முதல் இருக்கை அவர்களுக்கு. ஆனால் அவர்கள் மட்டும் போதும் என்று நினைப்பவரிடம் தேசத்தைக் கொடுத்தால், மற்ற மூன்று நாடும் இப்படித்தான் இலையில் இல்லாமல் போகும்."

ராஜா பூவாண்டியைக் கிட்டே அழைத்து, பாலத்தின் கதையைக் கேட்டார். கேட்டு முடித்ததும் அவர் குரல் இறங்கிவிட்டது. "இத்தனை வருஷம் மழைக்காலத்தில் ஏனப்பா ஒருவரும் வந்து என்னிடம் சொல்லவில்லை?"

"வந்து சொல்றதுக்குத்தான் பாலம் இல்லையே, சாமி."

ராஜா, பூவாண்டியே அடுத்த தலைவன் என்று அறிவித்தார். தாண்டவராயரைப் பார்த்து, "நீர் மலைக்குப் போம். பாலம் முடிந்ததும் அதில் நடந்து திரும்பி வாரும்" என்றார்.

ராயர் முணுமுணுத்துக்கொண்டே போனார். ஒரு மழைக்காலம் அங்கே அகப்பட்டு, கூழும் கிழங்கும் தின்றார். அதற்கப்புறம் கல் சுமந்தவர்களை ராயர் விரட்டிய விரட்டு கொஞ்சமல்ல. அடுத்த மழை பிடித்த அன்றைக்குப் பாலம் முடிந்தது. முதலில் தான்தான் நடக்க வேண்டும் என்று பட்டு வேட்டி கட்டி வந்து நின்றார்.

அப்போது பின்னாலிருந்து ஒரு தூளி வந்தது. உள்ளே நிறைமாதக்காரி ஒருத்தி முனகினாள். ராயர் அவசரமாக ஒதுங்கினார். தன் தாழங்குடையை அவள் முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு, நனைந்தபடியே கூட நடந்தார்.

"மெதுவா தூக்குங்கடா, மெதுவா," என்றார். "பயப்படாதே அம்மா, அக்கரை வந்துட்டுது."