கடற்பசுவை முதலில் பார்த்தவர்

ஒரு வாரமாகப் பூபதிக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த விரிகுடாவில் பல வருடங்களாக யார் கண்ணிலும் படாத கடற்பசுவை, அதுவும் கன்றோடு, முதலில் பார்த்தவர் அவர்தான். வங்கி வேலையை உதறிவிட்டு நடுவயதில் கடல் ஆராய்ச்சிக்கு வந்தவர். வீட்டில் அதற்குக் கிறுக்கு என்று பெயர் வைத்திருந்தார்கள். இன்று மாலை ஆய்வு நிலையத்தில் அவருக்குப் பாராட்டுக் கூட்டம். பெயர் வைத்த மாமனாரே நேரில் வருகிறார்.

மதியம் படகோட்டி களஞ்சியம் வெள்ளந்தியாக ஒரு வார்த்தை சொன்னார்.

"நீங்க கத்துறதுக்கு முன்னாடியே அருளப்பன் சார் எஞ்சினை நிறுத்தச் சொல்லி கையைக் காட்டிட்டாரே!"

அருளப்பன் அன்று அதே படகில் வந்த சக ஆய்வாளர். வாயைத் திறந்தால் ஏதோ குறைந்துவிடும் என்பதுபோல இருக்கிற மனிதர்.

பூபதி நேரே குருவிடம் போனார். ரஹ்மத் நிஷா அவரைவிட இளையவர். ஆனால் அவருக்குக் கடலைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் என்பதால் அவர்தான் குரு.

"மேடம், கடற்பசுவை முதல்ல பார்த்தது நானா, அருளப்பனா? ஒண்ணுமே புரியலை."

நிஷா ஜன்னலைத் திறந்துவிட்டார். "கடலைப் பாருங்க சார்."

பூபதி பார்த்தார். வெறும் தண்ணீர். கண் கூசியது. நிஷா பக்கத்திலேயே பேசாமல் நின்றார். நெடுநேரம் கழித்துப் பூபதி கத்தினார்.

"அதோ, ஆமை!"

"எங்கே சார், எங்கே?"

அன்று படகில் அருளப்பனும் இப்படியேதான் கேட்டார். பூபதி சட்டென்று திரும்பினார். நிஷாவின் கண் ஏற்கெனவே ஆமையின் மேல்தான் இருந்தது.

"நீங்க முன்னாடியே பார்த்துட்டீங்க!"

"ஆமா."

"ஏன் மேடம் சொல்லலை?"

"தொண்டை வரைக்கும் வந்துருச்சு சார். அடக்குறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? இத்தனைக்கும் இது நான் தினம் பார்க்கிற ஆமை. அருளப்பன் அந்தக் கடற்பசுவுக்காக, நான் இங்கே வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியிருந்தே அலையறார்."

பூபதிக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. எது முதலில் வந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

"அப்போ எனக்குப் பிச்சை போட்டாரா?"

"இப்போ ஆமையைப் பார்த்தீங்களே, உங்க கழுத்தை நானா திருப்பிவிட்டேன்?"

"இல்லை."

"அப்புறம் என்ன?"

பூபதிக்குக் குழப்பம் தீர்ந்தபாடில்லை.

"மேடையில நான் என்னதான் சொல்லட்டும்? மாமனார் வேற முன்வரிசையில உட்கார்ந்திருப்பார். அருளப்பன் பேரை எடுத்தா அவர் கூச்சப்பட்டு எழுந்து போயிடுவார்."

"போனா போகட்டும். பார்த்தது நீங்க. பார்க்க விட்டவர் அவர். ரெண்டையும் சொல்லிட்டு இறங்குங்க."