ரிவர்ஸில் பாடிய செட்டு

கயத்தாறு விலக்கில் வண்டிகளுக்குப் பாட்டு செட்டு மாட்டும் இசக்கிக்குத் தொழில் தெரியும். எந்த வயர் எங்கே போகிறது என்பதுதான் தெரியாது. அவன் கை வைத்த ஜீப்பில் ஹாரனை அமுக்கினால் வைப்பர் ஆடும்.

அவனிடம்தான் கல்குவாரி முதலாளி வெள்ளத்துரை தன் புது பிக்கப்பைக் கொண்டுவந்தார். கடை இருப்பதும் அவர் இடத்தில்தான்.

"நான் பேசும்போது செட்டு மூச்சு விடக்கூடாது. நான் வாயை மூடினா அதுவாப் பாடணும். முடியலேன்னா கடையைக் காலி பண்ணுலே."

இரண்டு நாள் டேஷ்போர்டுக்குள் தலையை விட்டு இசக்கி மாட்டி முடித்தான். அவனையும் தன் ஆட்களையும் பின்னால் ஏற்றிக்கொண்டு வெள்ளத்துரை கிளம்பினார். வழியெல்லாம் தன் பெருமையைப் பேசினார். செட்டு கப்சிப்.

குறுகலான பாலத்தில், அவருக்குக் குவாரியைக் கொடுத்த மாமனாரின் கார் எதிரே வந்தது. வெள்ளத்துரை பேச்சை நிறுத்திவிட்டு வண்டியைப் பின்னால் எடுத்தார். உடனே செட்டு ஊரே அதிரப் பாடியது. செட்டுக்கான கரண்டை ரிவர்ஸ் விளக்கு வயரிலிருந்து கொடுத்துத் தொலைத்தது இசக்கிக்கு அப்போதுதான் உறைத்தது. வெள்ளத்துரை கியரை எடுத்து வண்டியை நிறுத்தினார்; பாட்டும் நின்றது.

"என்னலே, பின்னால போனாத்தான் பாடுது?"

இசக்கி கும்பிட்டான். "நீங்க சொன்னபடிதான் மொதலாளி. முன்னால போறவரைக்கும் நீங்க பேச்சை நிறுத்துறதில்லையே. பின்வாங்கும்போதுதானே வாயை மூடுதீங்க?"

முதலில் சிரித்தவர், காரிலிருந்து தலையை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்த மாமனார். வெள்ளத்துரை வாய் திறக்காமல் பின்னாலேயே போனார். செட்டு பாடிக்கொண்டே போனது.

மறுநாள் மூன்று பிக்கப்காரர்கள் அதே மாதிரி வேண்டுமென்று வந்தார்கள். ரிவர்ஸ் வயர் இதுதான் என்று சத்தியம் பண்ணி மாட்டினான் இசக்கி.

மூன்றும் பிரேக் போட்டால் பாடின.