நாற்பத்தியொரு உளுவை

ஐம்பத்தாறு வயதில் ஜோவிட்டா மாணவியானாள். ஆசிரியை ஹபீபாவுக்கு முப்பத்தொன்று. தையற்காரி மீன் படிக்கப் போகிறாளாம் என்று கரை சிரித்தது. சிரித்தவர்களுக்கெல்லாம் சட்டை தைத்தவள் அவள்தான். பொருட்படுத்தவில்லை.

ஹபீபா உளுவையின் நீளத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். முன்பாதி திருக்கை போலவும் பின்பாதி சுறா போலவும் இருக்கும் மீன். அருகிவிட்டது. ஐந்தடி தாண்டினால்தான் குட்டி ஈனும். அதற்கு முன்பே பிடிபடுகிறது என்று காட்டினால், அது பிடிபடும் பக்கம் மூன்று மாதம் வலை போடத் தடை போடும்படி அதிகாரிகளைக் கேட்கலாம். கூட்டம் திங்கட்கிழமை.

பிடித்தவர்கள் அன்றன்றே படம் எடுத்து இணையத்தில் ஊருக்குக் காட்டியிருந்தார்கள். ஜோவிட்டா நாற்பத்தியொரு படம் சேர்த்தாள். எல்லாரும் படத்துக்காகச் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றவர்கள். எல்லாம் அவள் தைத்த சட்டை. இருபது வருடமாகச் சட்டைப் பையை அவள் ஒரே அட்டையை வைத்துத்தான் வெட்டுகிறாள். படத்தில் தெரிந்த அந்தப் பையை அளவுகோலாகக் கொண்டே மீன்களை அளந்துவிட்டாள்.

"சராசரி அஞ்சே முக்கால் அடி, டீச்சர்." முகம் வாடியிருந்தது. "இதைக் கொண்டுபோனா, மீன் நல்லாத்தானே இருக்குன்னு அனுப்பிருவாங்க. இவ்வளவு பெரிசை நான் கரையில பார்த்தே வருசக்கணக்காச்சு. படம் பொய் சொல்லுமா?"

ஹபீபா மேசையில் கிடந்த கத்திரிக்கோலை எடுத்துக் கொடுத்தாள்.

"மார்போட ஒட்டிப் பிடிங்க, அக்கா."

ஒரு படம் எடுத்தாள்.

"இப்ப கையை நல்லா முன்னாடி நீட்டுங்க."

இன்னொரு படம்.

ஜோவிட்டா போனை வாங்கிப் பார்த்தாள். முதல் படத்தில் துணி வெட்டும் கத்திரி. இரண்டாவதில் வேலி வெட்டும் கத்திரி.

"மீன் பிடிச்சவன் அதை அணைச்சுக்கிட்டா நிப்பான்?" என்றாள் மெல்ல. "கேமராவுக்கு ஊட்டிவிடற மாதிரில்ல நீட்டுவான்."

"பை பின்னாடி நின்னுருச்சு. மீனோட கூடவே முன்னால வந்தது எது?"

ஜோவிட்டா வெகுநேரம் பார்த்தாள். "விரல்."

"விரல் அளவு உங்க நோட்டுல இருக்கா?"

"சட்டைக்கு எதுக்கு டீச்சர் விரல் அளவு?"

ஹபீபா நாட்காட்டியைக் காட்டினாள். அன்று வெள்ளிக்கிழமை.

ஜோவிட்டா அளவு நாடாவோடு வீடு வீடாக ஏறினாள். "மோதிரம் போடப் போறியாக்கா? உன் வீட்டுக்காரர் சம்மதிச்சாரா?" என்று கேட்டான் ஒருவன். "கையை நீட்டுடா, வாயை நீட்டாதே" என்றாள். மிச்சம் இருந்தவர்களை ஞாயிறு பூசை முடிந்ததும் கோவில் வாசலிலேயே மறித்தாள். நாற்பது பேர் முடிந்தது. விரலை வைத்துக் கணக்குப் போட்டபோது ஒரு மீன்கூட நாலரை அடியைத் தாண்டவில்லை. ஒன்றுகூடக் குட்டி ஈன்றதில்லை.

நாற்பத்தியொன்றாவது படம் அவள் கணவர் தஸ்நேவிஸ். ஊரில் அவர் பெயர் 'ஆறடி'. படத்தில் ஆறடி தெரிந்த அந்த உளுவை கொடுத்த பெயர். அது பிடிபட்ட மறுமாதமே வாதம் வந்து கால் விழுந்துவிட்டது. பிறகு கடலுக்குப் போகவில்லை. வாசலில் யாராவது நின்று "என்ன ஆறடி, சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால்தான் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கும்.

பிற்பகல் ஹபீபாவிடம் வந்தாள்.

"நாப்பது போதாதா டீச்சர்? ஒண்ணை விட்டா கணக்கு கெட்டுருமா?"

"கெடாது."

"அப்ப, அவுக படத்தை விட்டுரலாமா?"

"விடலாம், அக்கா." ஹபீபா மற்ற நாற்பது படங்களையும் அவள் பக்கம் நகர்த்தினாள். "இதுல எதை எதை விடணும்னு அவங்கவங்க பெண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துருங்க. நான் காத்திருக்கேன்."

ஜோவிட்டா அளவு நாடாவை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வீட்டில் அவர் விழித்திருக்கும் நேரம்.