பதினோரு நாள் வாரிய தேங்காய்

தணிகாசலம் மடத்துக்கு வந்தபோது அவருக்கு அறுபத்திரண்டு வயது. குருவுக்கு முப்பத்தெட்டு. முடிதிருத்தும் கடையை மூடிவிட்டு, சீப்பும் கத்தியும் போட்ட பையோடு ஒரே ஒரு கேள்வியையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

"எம்பொண்ணு குமுதா காய்ச்சல்ல கிடந்தா, சாமி. கடைக்கு ஆள் வந்து கூப்பிட்டான். கல்யாண மாப்பிள்ளைக்குப் பாதிச் சவரம் ஆகியிருந்துச்சு. முடிச்சிட்டுப் போனேன். அதுக்குள்ள போயிட்டா. ஆறு வயசு. இருபத்தாறு வருஷமாச்சு. அந்த அரை மணி நேரம் எப்ப என்னை விட்டுப் போகும்?"

குரு உரித்த தேங்காய் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதன்மேல் சுற்றிலும் நார் மண்டிக் கிடந்தது.

"இதை எங்கேயும் சுழி விழாம படிய வாரிக் கொண்டாங்க. அப்புறம் சொல்றேன்."

தணிகாசலத்துக்கு உள்ளூரச் சிரிப்பு. அடங்காத தலைகள் எத்தனையோ பார்த்தவர் அவர். எண்ணெய் தடவி மேலிருந்து கீழே வாரினார். உச்சியில் பிளந்துகொண்டது, அடியில் முட்டிக்கொண்டது. பக்கவாட்டில் வளைத்து வாரினார். மேலே ஒரு சுழி, கீழே ஒரு சுழி. இரண்டையும் ஓட்டிக்கொண்டு போய் ஒன்றாக்கினார். அந்த ஒன்று மட்டும் சீப்புக்கு முன்னால் பேன் மாதிரி ஓடியதே தவிர, தேங்காயை விட்டு இறங்கவில்லை.

பதினோராம் நாள் குருவிடம் வந்து நின்றார். முகம் செத்திருந்தது.

"போகாதா, சாமி?"

"போகாது. பூமியைச் சுத்தி வீசற காத்துக்கும் இப்படித்தான். எங்கேயாவது ஓர் இடத்துல நின்னுதான் ஆகணும். சுழியோட இடத்தை மாத்தலாம். அவ்வளவுதான்."

தணிகாசலம் அங்கேயே உட்கார்ந்து கத்தியை எடுத்தார். ஆத்திரம் தீரும்வரை வழித்தார். மொட்டைத் தேங்காயைக் குருவின் முன் வைத்தார்.

"நார் இருந்தாத்தானே சுழி? இப்ப எங்க இருக்கு, காட்டுங்க."

குரு தேங்காயைத் தொடவில்லை.

"குமுதாவுக்கு யார் தலை வாரிவிடுவாங்க?"

"நான்தான். தினமும்."

"சுழி எந்தப் பக்கம்?"

"உச்சிக்குக் கொஞ்சம் இடப்பக்கம். எவ்வளவு தண்ணி தொட்டு வாரினாலும், திரும்பறதுக்குள்ள எழுந்துக்கும்."

சொல்லி முடித்தபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

குரு கத்தியைத் துடைத்து அவரிடம் நீட்டினார்.

"அதையும் வழிச்சிடலாமா?"

தணிகாசலம் கத்தியை வாங்கவில்லை. தரையில் சிதறிக் கிடந்த நாரை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினார்.